மஸ்த்தான தப்பு

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள் அவள் கத்திய கத்தலில் கையிலிருந்த டீ என் சுடிதாரில் கொட்டிவிட்டது.

"போச்சு! ஏக்தம் தப்பு, முழுத் தப்பு! எல்லாரும் வாங்க, வந்து பாருங்க!"

புணேயை ஒட்டிய பிம்ப்ரியில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் எட்டுப் பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத எனக்கு அங்கே ஒருத்தி தமிழில் கத்தியதே அதிசயமாக இருந்தது. தன் வேலை தப்பாகிவிட்டதை ஊருக்கு லட்டு கொடுப்பதுபோல் கூப்பிட்டுச் சொன்னது அதைவிட அதிசயம். ஓடிப் போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு லாரி சீட்டின் இரும்புச் சட்டம். சாகணில் இருந்த ஒரு தொழிற்சாலைக்காகச் செய்துகொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் அதே சட்டத்தைப் பென்சிலால் கிறுக்கி, காலில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"நான் கால்ல உடையும்னு நெனைச்சேன். இது முதுகுல உடையுது பாரு டீ! மஸ்த் இல்ல?"

மஸ்த் என்றால் அந்த ஊரில் பிரமாதம் என்று அர்த்தம். நான் முதலில் கற்றுக்கொண்ட புணே வார்த்தை அதுதான். இரண்டு நிமிடப் பழக்கத்தில் என்னை 'டீ' போட்டுவிட்டாள் என்பது என் இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

நாங்கள் பார்த்த வேலையை என் அம்மாவுக்கு ஒருமுறை போனில் இப்படி விளக்கினேன். ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதை லட்சக்கணக்கான குட்டித் துண்டுகளாகப் பிரித்துவிடுவோம். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துக் காட்டும். நிம்மதியாக இருக்கிற இடம் நீலம். திணறுகிற இடம் சிவப்பு. பொருளைச் செய்து பார்ப்பதற்கு முன்பே அது எங்கே உடையும் என்று சொல்லிவிடலாம். "அப்ப ஜோசியம்னு சொல்லு," என்றாள் அம்மா. ஆபீஸில் அவளிடம் இதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாங்களெல்லாம் பட்டனைத் தட்டிவிட்டு, படம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்போம். அவள் மட்டும் தன் ஊகத்தைக் காகிதத்தில் வரையாமல் பட்டனைத் தொடமாட்டாள். ஊகமும் படமும் ஒத்துப்போனால் முகம் வாடிவிடும். "சரியா வந்தா என்ன கத்துக்கிட்டோம்? நேத்து தெரிஞ்சதுதான் இன்னிக்கும் தெரியுது" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவாள். ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு ஆபீஸில் திருவிழா.

அவள் போபோடியில் பிறந்து வளர்ந்தவள். குடும்பம் வேலூர்ப் பக்கம். கட்கி தொழிற்சாலை வேலைக்காக இரண்டு தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்டவர்கள். டிப்ளமோ முடித்து, சாகணில் இரண்டு வருடம் எண்ணெய்க் கறையோடு வேலை பார்த்து, மாலை வகுப்பில் பட்டம் வாங்கியிருந்தாள். வாய் நிறையத் தமிழ் பேசுவாள்; ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ங்க' போடுவது அவளுக்குப் பெரிய வேடிக்கை. "இன்னாடி, போங்க வாங்கன்னு பல்லிகிட்டகூட பேசுவியா?" என்பாள்.

ஊகம் போடும் பழக்கம் ஆபீஸோடு நிற்கவில்லை. மெட்ரோவின் எந்தக் கதவு எங்கள் முன்னால் வந்து நிற்கும், எதிர்வீட்டு அம்மா இன்றைக்கு யாரோடு சண்டை போடுவாள், எல்லாவற்றுக்கும் ஊகம் உண்டு. ஒருமுறை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வேலையை விடச் சொல்வான் என்று முன்னாடியே எழுதி உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தாளாம். மாப்பிள்ளை, வேலையை விடவே கூடாது என்றான். அவனுடைய அம்மாவும் ஆமாம் என்றாள். அப்படியொரு பதிலை எதிர்பாராத இவள் சபை நடுவில் "அரே, தப்பு!" என்று துள்ளியிருக்கிறாள். அவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

"வருத்தமா இல்லையா?" என்றேன்.

"பையன் நல்லவன்தான் டீ. அதான் தப்பாயிடுச்சு," என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

தாடை எங்களிடம் வந்தது அந்த வருட மழைக்காலத்தில்.

ஊரில் ஒரு முகத்தாடை அறுவை டாக்டர், பக்கத்துப் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தாடை எலும்பில் கட்டி வந்து ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியவர்களுக்கு, அந்த இடைவெளியில் பாலம்போல் டைட்டானியம் தகடு ஒன்றை வைத்து ஸ்க்ரூ போட்டுவிடுவார்கள். அந்தத் தகடு மெல்லுகிற வேலையைத் தாங்குமா, எங்கே திணறும் என்பதைக் கணக்கிட்டுத் தர எங்கள் ஆபீஸைக் கேட்டார்கள். முதல் தாடை, நாற்பது வயதைத் தொடாத ஒரு பெண்ணுடையது. நகரப் பஸ்ஸில் கண்டக்டர். புற்று இல்லை, ஆனால் மெதுவாக எலும்பைத் தின்றுகொண்டிருந்த கட்டி. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

ஸ்கேனிலிருந்து தாடையைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, துண்டு போட்டுக் கொடுத்தது நான். அந்த மூன்று வாரமும் அவள் தரையில் நடக்கவில்லை. இரும்பையும் வெல்டிங்கையும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு எலும்பு கிடைத்திருக்கிறதே! "எலும்பு இருக்குதே, அது ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் பஞ்சு. உள்ள ரத்தம் ஓடுது. எந்த ஸ்டீலு இப்படி இருக்கும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மெல்லும்போது தாடையில் எவ்வளவு பலம் விழுகிறது என்று பார்க்க, கல்லூரி லேபிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் எட்டுப் பேரையும் கடிக்க வைத்தாள். மதியச் சாப்பாட்டின்போது எதிரில் உட்கார்ந்து, பாக்ரி என்கிற சோள ரொட்டிக்கு எத்தனை மெல்லு, சாதத்துக்கு எத்தனை மெல்லு என்று எங்கள் வாயைப் பார்த்து எண்ணினாள். எங்கள் பாஸ், பாவம், சாப்பாட்டைத் தன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கணக்கு முடிந்தது. வலப்பக்கம் இரண்டாவது ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சிவப்பு, அதுவும் எல்லைக்குள்தான். தகடு தாங்கும். அவள் ஊகமும் அதேதான். முகம் வாடிப் போயிருந்தாள். பாஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு டாக்டருக்கு அனுப்பிவிட்டார்.

கல்லூரி லேபில் இன்னொரு சோதனையும் நடந்தது. அந்தப் பெண்ணின் தாடையைப் பிளாஸ்டிக்கில் அச்செடுத்து, அதில் நிஜத் தகட்டைப் பொருத்தி, மெஷினில் வைத்து மெல்லுவதுபோல அழுத்திக்கொண்டே இருந்தார்கள். டக், டக், டக். அதைப் பார்க்க நாங்கள் இருவரும் தினமும் என் ஸ்கூட்டரில் போவோம். மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். டக், டக், டிக். மெஷின் நின்றுவிட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். தகடு இரண்டாக உடைந்திருந்தது. இரண்டாவது ஸ்க்ரூவில் இல்லை. தாடை திரும்பும் வளைவில்.

"தப்பு! தப்பு! ஏக்தம் தப்பாயிடுச்சு டீ! எங்க உடைஞ்சிருக்குது பாரு! எங்கியோ உடைஞ்சிருக்குது!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தபடி குதித்தாள். அந்தச் சந்தோஷம் ஒட்டுவாரொட்டி. ஏன் எதற்கு என்று யோசிக்காமல் நானும் கை தட்டினேன். அப்போதுதான் வாசலில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுகிறவரின் காக்கிச் சட்டை. மழையில் தோள் நனைந்திருந்தது. பிளாஸ்டிக் உறையில் ஒரு ஸ்கேன் சிடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். புதிய ஸ்கேனை லேபில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி டாக்டர் அனுப்பியிருக்கிறார். அந்தக் கண்டக்டரின் கணவர்.

அவர் மெஷினைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"துட்லா?" என்று மராத்தியில் கேட்டார். உடைந்துவிட்டதா?

அவளுடைய கைகள் அந்தரத்திலேயே நின்றன. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவள் மெதுவாகக் கையை இறக்கினாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். மெஷினிலிருந்து தாடையைக் கழற்றி, உடைந்த தகட்டோடு அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து, "அவளுக்கு இப்படித்தான் இருக்கும்," என்றார்.

"இங்க உடைஞ்சதாலதான் தெரிஞ்சுது. உடையாம இருந்திருந்தா நாங்க எல்லாம் சரின்னு சொல்லி அனுப்பியிருப்போம். அனுப்பியும் ஆச்சு," என்று மராத்தியில் சொன்னாள்.

"நீங்க சிரிச்சீங்க."

"ஆமா. தப்பு தெரிஞ்சா எனக்குச் சிரிப்பு வந்துடும். உங்க முன்னாடி சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

அவர் தாடையை மேஜைமேல் பதமாக வைத்தார். தூங்குகிற குழந்தையை வைப்பதுபோல.

"மீதித் தப்பையும் இங்கேயே கண்டுபிடிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு, சிடியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் என் காதுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவரு எதிர்ல குதிச்சிருக்கக் கூடாது டீ." ஒரு சிக்னல் தாண்டியதும், "ஆனா ஏன் வளைவுல உடைஞ்சுது?"

பதில் அன்று மாலையே கிடைத்தது. உடைந்த விளிம்பை லென்ஸில் வைத்துப் பார்த்தபோது உட்பக்கத்தில் இரண்டு சிறிய பள்ளங்கள் தெரிந்தன. இடுக்கியின் பல் பதிந்த தடம். தகடு கடையிலிருந்து நேராகத்தான் வருகிறது. தாடையின் வடிவத்துக்கு அதை இடுக்கியால் வளைக்க வேண்டும். லேபில் இருந்தவர் ஒருமுறை வளைத்து, அதிகமாகிவிட்டதென்று நிமிர்த்தி, மறுபடி வளைத்திருக்கிறார். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருந்த தகடோ பிறக்கும்போதே வளைந்து பிறந்தது. அதற்கு வலியென்றால் என்னவென்றே தெரியாது.

"தகட்டுக்குத் தாடையோட கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் நடந்ததை மட்டும் கணக்குல எடுத்தோம். அதுக்கு முன்னாடி அது பட்ட பாட்டைக் கேக்கவே இல்ல," என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் ராட்சசிபோல் உழைத்தாள். நேரான தகட்டிலிருந்து ஆரம்பித்தாள். வளைப்பது, நிமிர்த்துவது, மறுபடி வளைப்பது, அதன் பிறகு மெல்லுவது என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்தாள். படம் வந்தது. வளைவின் உட்பக்கம் ரத்தச் சிவப்பு. நிஜத் தகடு உடைந்த அதே இடம்.

பாஸிடம் ஓடினாள். "சார், நம்ம ரிப்போர்ட் தப்பு! பஹுத் அச்சா தப்பு!"

பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் சிறிய ஆபீஸை நடத்துகிறவருக்குத் தப்பு என்ற வார்த்தை காதில் விழக் கூடாது. தகடு வளைப்பது நம் கணக்கில் இல்லை, நமக்குக் கொடுத்த வடிவத்துக்கு நாம் சொன்னது சரிதான், இப்போது போய் டாக்டரைக் குழப்ப வேண்டாம் என்றார்.

"அந்தம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் சார்."

"அதனால்தான் சொல்கிறேன்."

அவள் உடைந்த தகட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் மேஜைக்கு வந்தாள். "வண்டி எடு."

"பாஸ் திட்டுவாருங்க..." என் வாயில் 'ங்க' வந்துவிட்டது.

"திட்டட்டும். எடு."

டாக்டர் எங்களை நிற்க வைத்தே பேசினார். ஆபரேஷன் மேஜையில் தாடை திறந்து கிடக்கும்போது தகட்டை வளைத்துப் பார்த்து, சரியில்லையென்றால் மறுபடி வளைத்துத்தான் பொருத்த முடியும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அவள் வாதாடவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்து, லென்ஸையும் பக்கத்தில் வைத்தாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"எனக்கே இரண்டு பேருக்கு உடைந்திருக்கிறது. வளைவில்தான். ஏதோ கடினமானதைக் கடித்திருப்பார்கள் என்று நினைத்தேன்." லென்ஸைக் கீழே வைத்தபடி, "அவர்களைத் திட்டினேன்," என்றார்.

அந்த அறையில் அவள் ஒரு சத்தமும் போடவில்லை. அவ்வளவு பெரிய தப்பு ஒன்று வெளிப்பட்டிருந்தும்.

ஆபரேஷன் பத்து நாள் தள்ளிப்போனது. கட்டி மெதுவானது, அதனால் ஆபத்தில்லை என்றார் டாக்டர். இந்தப் பத்து நாளில் அந்தப் பெண்ணின் தாடையை மறுபடி அச்செடுத்தார்கள். தகட்டை முன்கூட்டியே வெளியில், அவசரமில்லாமல், ஒரே திசையில் மட்டும் வளைப்பது. அதிகமாகிவிட்டால் நிமிர்த்தாமல் தூக்கிப் போட்டுவிடுவது. டாக்டரே வந்து உட்கார்ந்து வளைத்தார். இவள் பக்கத்தில் நின்றுகொண்டு மூச்சுகூட விடாமல் பார்த்தாள். முதல் தகடு குப்பைக்குப் போயிற்று. இரண்டாவது கச்சிதமாக உட்கார்ந்தது. அதேபோல் வளைத்த இன்னொன்றை மெஷினில் ஏற்றினார்கள். டக், டக், டக். முதல் தகடு உடைந்த எண்ணிக்கையைத் தாண்டி, அதன் பல மடங்கையும் தாண்டி ஓடியது. வேறு சோதனைக்கு மெஷின் வேண்டுமென்று லேபில் கேட்டதால்தான் நிறுத்தினோம். "எங்க உடையும்னு தெரியாமலே போச்சே," என்று அவள் புலம்பினாள்.

பாஸ் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் டாக்டர் போன் செய்து என்ன சொன்னாரோ, திருத்திய ரிப்போர்ட்டை அவளையே எழுதச் சொன்னார். அவள் எழுதிய முதல் வரி: எங்கள் முதல் அறிக்கை தவறு! பாஸ் அதைப் படித்தார், பெருமூச்சு விட்டார், பேனாவைத் திறந்தார். "ஆச்சரியக்குறியையாவது எடு," என்றார். எடுத்தாள். கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த வருடம் அந்தக் கல்லூரியே அவளை ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டது. தாடையிலிருந்து இதய வால்வுக்குப் போனாள். அங்கிருந்து காற்றாலை இறக்கைக்கு. கடைசியாக அவளிடமிருந்து எனக்கு வந்த படத்தில், குளிர்நாடு ஒன்றில், தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு ஒரு பனிப்பாறைமேல் நிற்கிறாள். பனியில் விரிசல் எப்படி ஓடும் என்று கணக்குப் போடுகிறாளாம். பிறகு அவளுடைய எண் மாறிவிட்டது. என்னுடையதும் மாறிவிட்டது.

அவள் ஆபீஸை விட்டுப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் ஆட்டோக்காரக் கணவர் போன் செய்தார். மனைவி வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று சொல்லி, எந்த ரூட் என்றும் சொன்னார். ஒரு முறை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றார்.

"வீட்டுக்கு வேணாம். நாம யாருன்னு தெரிஞ்சா ஜாக்கிரதையா மெல்லுவாங்க. பஸ்ல போலாம்," என்றாள் அவள்.

அந்த ரூட்டில் மூன்று நாள் அலைந்தோம். நான்காவது நாள் மாலை, பிம்ப்ரி போகும் பஸ்ஸில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. ஒல்லியான பெண். காக்கி உடுப்பு. வலது கன்னத்துக்குக் கீழே மெல்லிய கோடு. பேச்சில் சில எழுத்துகள் கொஞ்சம் சறுக்கின. ஆனால் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டுவரை போயிற்று. "புடே சலா! புடே சலா!" முன்னால் போங்க, முன்னால் போங்க!

கட்கிவரை டிக்கெட் எடுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றோம். அந்த முகத்தை எங்களுக்குத் தெரியாது. அதற்குள்ளிருந்த எலும்பில் ஒவ்வொரு வளைவும் தெரியும். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கண்டக்டர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வறுத்த கடலை. இரண்டு இரண்டாக வாயில் போட்டு, டிக்கெட் கொடுத்துக்கொண்டே மென்றார். இடது பக்கம், வலது பக்கம். யோசனையே இல்லாமல்.

அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கட்கி வந்தது, போனது. நான் இடித்தேன், அவளுக்கு உறைக்கவில்லை.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன மேடம், என் மூஞ்சியில சினிமாவா ஓடுது? உங்க டிக்கெட் கட்கியோட முடிஞ்சுது. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, ஸ்டாப் தெரியாதா? இங்க நின்னுட்டே பிம்ப்ரிவரைக்கும் போயிடலாம்னு நெனைப்பா?" மராத்தியில் மூச்சுவிடாமல் பொழிந்தார். முன்சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அவள் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. திட்டு முழுவதும் முடியும்வரை, ஒரு வார்த்தையும் விடாமல் நின்று கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிம்ப்ரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள்.